4.0, 4.6, 5.2: அமெரிக்கக் கல்லூரிகள் எந்த ஜி.பி.ஏ.வைப் பார்க்கின்றன?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு ஒரே கணக்குதான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். கும்மிடிப்பூண்டி மாணவருக்கும் கன்னியாகுமரி மாணவருக்கும் அதே சூத்திரம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர், மகளின் ரிப்போர்ட் கார்டில் ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் கிரேடுகளின் சராசரி, 4.37 என்று பார்த்ததும் முதலில் குழம்புவது, நாலுக்கு எப்படி நாலுக்கு மேல் வரும் என்பதில். அதைப் புரிந்துகொண்ட பிறகு வரும் கேள்விதான் முக்கியமானது. பள்ளி இரண்டு எண்களைத் தருகிறது, கடினமான வகுப்புக்கு எடை சேர்த்த வெயிட்டட் ஒன்று, சேர்க்காத அன்வெயிட்டட் ஒன்று. கல்லூரி எதை எடுத்துக்கொள்ளும்?

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சூத்திரம் கிடையாது. அங்கே கல்லூரிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். பெரும்பாலான சேர்க்கைக் குழுக்கள் அச்சிட்ட சராசரியைத் தொடக்கக் குறிப்பாக வைத்துக்கொண்டு, அதைத் திரும்பவும் பாடம் பாடமாகப் பிரித்துப் படிக்கின்றன. வேறு சில இடங்களில் சட்டமோ சூத்திரமோ முடிவெடுக்கிறது. அங்கே தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கமும் இடத்தைத் தீர்மானிக்கும். நாம் விண்ணப்பிக்கும் கல்லூரி எந்த வகை என்று தெரியாமல் ஜி.பி.ஏ.வைத் துரத்துவதில்தான் நான்கு வருட உழைப்பு வீணாகிறது.

இரண்டு எண்களும் பிறக்கும் விதம்

அன்வெயிட்டட் கணக்கு எளிது. ‘ஏ’ கிரேடுக்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2, ‘டி’க்கு 1, ‘எஃப்’ என்றால் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. பல பள்ளிகள் பிளஸ், மைனஸையும் கணக்கில் எடுக்கும்: ‘ஏ மைனஸ்’ 3.7, ‘பி பிளஸ்’ 3.3, ‘பி மைனஸ்’ 2.7. இந்தக் கணக்கில் எந்தப் பாடம் என்பது பொருட்டே இல்லை. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், அதாவது கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. வகுப்புக் கால்குலஸும் சாதாரண அல்ஜீப்ராவும் ஒரே தட்டில்.

வெயிட்டட் கணக்கில் கடினமான வகுப்புக்கு எடை கூட்டுவார்கள். பரவலாக உள்ள வழக்கம், சாதாரணத்தைவிட ஒரு படி கடினமான ஹானர்ஸ் வகுப்புக்கு 0.5, ஏ.பி. அல்லது இன்டர்நேஷனல் பேக்கலோரியட் (ஐ.பி.) வகுப்புக்கு 1. ஆக ஏ.பி. வகுப்பில் வாங்கிய ‘ஏ’ 5 ஆகிறது, ‘பி’ 4 ஆகிறது.

ஆறு பாடம் படிக்கும் இரண்டு மாணவரை எடுத்துக்கொள்வோம். முதல் மாணவர் ஆறும் சாதாரண வகுப்பு, ஆறிலும் ‘ஏ’. அவருக்கு இரண்டு கணக்கிலும் 4.0. இரண்டாவது மாணவி நான்கு ஏ.பி. எடுத்து, அதில் இரண்டில் ‘ஏ’, இரண்டில் ‘பி’. மீதி இரண்டு சாதாரண வகுப்பிலும் ‘ஏ’. எடை சேர்க்காமல் அவருடைய கூட்டுத்தொகை 22, சராசரி 3.67. நான்கு ஏ.பி.க்கும் ஒவ்வொன்று கூட்டினால் 26, சராசரி 4.33. ஒரு கணக்கில் முதல் மாணவர் முந்துகிறார், இன்னொன்றில் இரண்டாவது மாணவி முந்துகிறார். சராசரி என்ற கருவியின் குறை முழுவதும் இந்த ஒரு உதாரணத்தில் அடங்கிவிடுகிறது.

எடை வகுப்புக்குத்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினாலும் ஜி.பி.ஏ.வில் எதுவும் ஏறாது. வகுப்பில் சேராமல் வீட்டிலேயே படித்துத் தேர்வு எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்கும், எடை கிடைக்காது.

4.5 என்றால் எங்கே 4.5?

எடை போடும் முறையை மாநிலமோ, ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டமோ முடிவு செய்வதால், ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. வடக்கு கரோலினாவில் 2015-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து ஹானர்ஸுக்கு 0.5, ஏ.பி.க்கு 1. அதற்கு முன்பு அதே மாநிலத்தில் ஹானர்ஸுக்கு 1, ஏ.பி.க்கு 2. அண்ணன் வாங்கிய 5.0-வும் தம்பி வாங்கிய 4.5-உம் ஏறக்குறைய ஒரே உழைப்பாக இருக்கக்கூடும்.

பக்கத்தில் இருக்கும் தெற்கு கரோலினாவுக்கு வாருங்கள். அங்கே சாதாரண வகுப்பிலேயே 90 மதிப்பெண்ணுக்கு 4.0, 95-க்கு 4.5, 100-க்கு 5.0. ஏ.பி. என்றால் அதற்கு மேல் இன்னும் ஒன்று, 100 வாங்கினால் 6.0. ஏ.பி. எதுவும் எடுக்காமல் எல்லாவற்றிலும் 95 வாங்கிய தெற்கு கரோலினா மாணவருக்கு 4.5. அதே 4.5 வடக்கே வேண்டுமென்றால் பாதி வகுப்புகள் ஏ.பி.யாகவோ எல்லாமே ஹானர்ஸாகவோ இருந்து எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கியிருக்க வேண்டும். இவை போதாதென்று, நூற்றுக்கு மதிப்பெண் போடும் பள்ளிகள் சில, மதிப்பெண்ணை 1.05 அல்லது 1.1-ஆல் பெருக்கி எடை சேர்க்கின்றன.

வார இறுதிக் கூட்டத்தில் ஒருவர் தன் மகனுக்கு 4.8 என்று சொல்வதைக் கேட்டு, வேறு மாநிலத்தில் 4.2 வாங்கும் பிள்ளையை நினைத்துக் கலங்க எந்த அவசியமும் இல்லை.

சேர்க்கை அலுவலரின் மேசையில்

இந்தக் குழப்பம் கல்லூரிகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, பள்ளி சேர்த்த எடையைக் கழற்றிவிட்டு, தங்கள் அளவுகோலில் மறுகணக்கு போடுவது. இரண்டு, எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா ஆண்டுகளின் பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பட்டியலை, வரிவரியாகப் படிப்பது. மறுகணக்கில் பெரும்பாலும் ஐந்து முதன்மைத் துறைகள் மட்டும் நிற்கும்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வெளிநாட்டு மொழி. உடற்கல்வியும் டிரைவிங் வகுப்பும் சராசரியைத் தூக்கிவிட்டிருந்தால், அந்த உயரம் அங்கேயே இறங்கிவிடும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் மறுகணக்கு போடும் நிறுவனங்களில் ஒன்று. அங்கே ஹானர்ஸுக்கு 0.5, ஏ.பி., ஐ.பி. போன்றவற்றுக்கு 1. பென் ஸ்டேட், நியூஜெர்சியின் ரட்கர்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் மாணவரையே ஒவ்வொரு பாடத்தையும் கிரேடையும் ஒரு படிவத்தில் பதியச் சொல்கின்றன. பள்ளி அச்சிட்ட சராசரியைச் சார்ந்திருக்க வேண்டிய தேவையே அப்போது குறைந்துவிடுகிறது.

வரிவரியாகப் படிக்கும் இடங்களில் முதலில் திறக்கப்படுவது பள்ளி தன்னைப் பற்றி அனுப்பும் ஓரிரு பக்கக் குறிப்பு, ஸ்கூல் ப்ரொஃபைல். எத்தனை ஏ.பி. வகுப்புகள் நடத்துகிறார்கள், ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்று வரம்பு உண்டா, எடை போடும் முறை என்ன, கிரேடுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆறு ஏ.பி. மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த மாணவியும், 25 ஏ.பி. உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த மாணவியும் இந்தக் குறிப்பின் வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரிவார்கள். வெயிட்டட் சராசரியை அப்படியே ஒப்பிட்டால் ஏழைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அநீதி நடக்கும். கல்லூரிகள் அந்த எண்ணை நம்பாததற்கு நியாயமான காரணங்களில் முதலாவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தோடு, மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் அனுப்பும் அறிக்கையில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பள்ளியில் கிடைக்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை? மிகக் கடினம் என்பதிலிருந்து கீழே வரிசையாகக் கட்டங்கள்; கவுன்சிலர் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் 4.6-க்கும் 4.4-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த ஒரு டிக் அதிகம் பேசும். உச்சக் கட்டத்தில் டிக் விழ எந்தெந்த வகுப்புகள் தேவை என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பத்தாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் நேராகக் கேட்டுவிடலாம். கேட்பதில் தவறே இல்லை.

உச்சியில் எண்கள் ஏன் பயனற்றுப் போகின்றன என்பதற்கு சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த தகவல் நல்ல சான்று. 2019-இல் பட்டம் பெற வேண்டிய அணிக்கு உள்நாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் முழுமையான ஜி.பி.ஏ. வைத்திருந்தார்கள். அனுமதி கிடைத்ததோ மொத்தமாகச் சுமார் 2,000 பேருக்கு. எல்லோரும் உச்சத்தில் நிற்கும்போது பிரித்துக் காட்ட அந்த எண்ணால் முடியாது.

ஒரு கல்லூரி எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் சி7 பகுதியில் பாடங்களின் கடினம், ரேங்க், ஜி.பி.ஏ., தேர்வு மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்ளப்படும், கொள்ளப்படாது என்று குறித்திருப்பார்கள். சி11-இல் சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ. பரவல் இருக்கும். அது 4.0 அளவுகோலில் கேட்கப்படுவது. சில கல்லூரிகள் எடை சேர்த்த எண்ணையே அங்கே நிரப்பிவிடுகின்றன. சி12-இல் சராசரி 4.1 என்று பார்த்தால், அது வெயிட்டட் எண் என்று புரிந்துகொண்டு ஒப்பிடுங்கள்.

கலிஃபோர்னியா: கணக்கைக் கையில் எடுத்துப் போட வேண்டிய இடம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.), அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ உள்ளிட்ட வளாகங்களின் அமைப்பு, தனக்கென்று ஒரு ஜி.பி.ஏ. வைத்திருக்கிறது. சாட், ஆக்ட் என்ற பொதுத் தகுதித் தேர்வுகளின் மதிப்பெண்களை அங்கே சேர்க்கை முடிவுக்குப் பார்ப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கின் கனம் இன்னும் கூடுகிறது.

அதன் விதிகள் பள்ளி விதிகளிலிருந்து நிறைய இடங்களில் விலகுகின்றன. கணக்கில் வருவது ‘ஏ முதல் ஜி வரை’ என்று ஏழு பாடப் பிரிவுகளாக வகுத்த பாடங்கள் மட்டும். அவற்றிலும் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை வாங்கிய கிரேடுகள்தான். ஒன்பதாம் வகுப்பு கிரேடு சராசரியில் சேராது. ஆனால் பாடத் தேவை பூர்த்தியாக அங்கேயும் ‘சி’ அல்லது மேல் வேண்டும், விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் கண்ணிலும் படும். ஏழு, எட்டாம் வகுப்பில் முடித்த அல்ஜீப்ராவும் ஸ்பானிஷும் பாடத் தேவைக்கு உதவும், சராசரிக்கு உதவாது.

பிளஸ், மைனஸ் இங்கே கிடையாது. எல்லாவற்றிலும் ‘ஏ மைனஸ்’ வாங்கியவருக்குப் பள்ளியில் 3.7, இங்கே 4.0. எல்லாவற்றிலும் ‘பி பிளஸ்’ வாங்கியவருக்குப் பள்ளியில் 3.3, இங்கே 3.0 ஆக இறங்கிவிடும். மாநிலவாசிக்குக் குறைந்தபட்சத் தகுதி 3.0, வெளிமாநிலத்தவருக்கு 3.4. ‘பி பிளஸ்’ மாணவர் வெளிமாநிலத்தவர் என்றால், எடைப் புள்ளிகள் இல்லாமல் வாசற்படியே தாண்ட முடியாது.

எடையும் வரம்புக்கு உட்பட்டது. ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்கிய ஒவ்வொரு ஹானர்ஸ் செமஸ்டருக்கும் (ஏ.பி., ஐ.பி.யும் இதில் அடங்கும்) ஒரு புள்ளி. மொத்தம் எட்டு செமஸ்டருக்கு மேல் புள்ளி கிடையாது. அந்த எட்டில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் வரக்கூடாது. எந்த வகுப்பு ஹானர்ஸ் என்பதையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் அனுமதி பெற்ற பாடப்பட்டியல் இணையத்தில் உண்டு. அதில் ஹானர்ஸ் குறி இல்லாத வகுப்புக்குப் பள்ளி எடை கொடுத்திருந்தாலும் இங்கே கிடைக்காது. வெளிமாநில மாணவர்களுக்குப் பள்ளி நடத்தும் ஹானர்ஸ் வகுப்பு எதற்கும் எடை இல்லை, ஏ.பி., ஐ.பி. வகுப்புகளும் யு.சி. ஏற்கும் கல்லூரிப் பாடங்களும் மட்டுமே எடை பெறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து, பதினொன்றில் ஆண்டுக்கு ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு செமஸ்டர், மொத்தம் 24 கிரேடுகள். அவற்றில் 20 ‘ஏ’, 4 ‘பி’. பத்தாம் வகுப்பில் இரண்டு ஏ.பி., பதினொன்றில் நான்கு ஏ.பி., ஆக 12 ஹானர்ஸ் செமஸ்டர். எடை இல்லாமல் 80 கூட்டல் 12, அதாவது 92. 24-ஆல் வகுத்தால் 3.83. வரம்பு இல்லாமல் எடை சேர்த்தால் 104, சராசரி 4.33. எட்டுப் புள்ளி வரம்போடு 100, சராசரி 4.17. வளாகங்கள் இந்த மூன்று எண்களையும் பார்க்க முடியும். யு.சி. வெளியிடும் புள்ளிவிவரங்களை இவற்றோடு ஒப்பிடும்போது எந்த எண் எந்த எண்ணோடு என்று பார்த்து ஒப்பிட வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டுப் புள்ளி வரம்பு இருப்பதால், அதிகப் பாடம் படித்தவரின் உச்சவரம்பு குறைகிறது. 20 கிரேடுகள், எல்லாம் ‘ஏ’ என்றால் 88-ஐ 20-ஆல் வகுத்து 4.40. 24 கிரேடுகள், எல்லாம் ‘ஏ’ என்றால் 104-ஐ 24-ஆல் வகுத்து 4.33. கூடுதலாக இரண்டு பாடம் படித்து இரண்டிலும் ‘ஏ’ வாங்கியவருக்குச் சராசரி குறைவு! விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர்கள் பாடங்களின் எண்ணிக்கையையும் தனியாகப் பார்ப்பதால் இது சேதமாக முடிவதில்லை. ஆனால் 4.40-ஐத் தொடுவதற்காக ஒரு பிள்ளை விருப்பமான பாடத்தைக் கைவிடுவது தேவையில்லாத தியாகம்.

‘டி’ அல்லது ‘எஃப்’ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய கிரேடே கணக்கில் வரும். ‘சி’ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் எந்தப் பயனும் இல்லை, பழைய ‘சி’தான் நிற்கும். கோடையில் பணம் கட்டி அதைத் திரும்பப் படிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

வீட்டில் தமிழ் பேசி, தமிழில் படிக்க எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு தகவல். மொழிப்பாடத் தேவையை ஆங்கிலம் அல்லாத வேறொரு மொழியில் உள்ள தேர்ச்சியைச் சான்றாகக் காட்டியும் பூர்த்தி செய்ய வழி உண்டு. தேவை பூர்த்தியாகும், கிரேடு சேராது. பள்ளிக் கவுன்சிலரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைப் பேசிவிட்டால் இரண்டு வருட ஸ்பானிஷ் இடத்தில் வேறு பாடம் வைத்துக்கொள்ளலாம்.

டெக்சாஸ்: ரேங்க் சட்டமாகும்போது

வெயிட்டட் எண் நேராகக் கதவைத் திறக்கும் இடம் டெக்சாஸ். 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே அனுமதி உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெரிசல் தாங்காமல் 2009-இல் அதற்கு விலக்கு கொடுத்தார்கள். மாநில மாணவருக்கான இடங்களில் 75 சதவீதம் வரை தானியங்கி அனுமதிக்கு ஒதுக்கினால் போதும் என்றானது. அதனால் அங்கே எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சில ஆண்டுகளாக முதல் 6 சதவீதம். 2026 இலையுதிர்கால அணியிலிருந்து முதல் 5 சதவீதம். இந்த அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான். கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளில் இடம் தனியாக முடிவாகும். முதல் ஐந்து சதவீதத்தில் வந்தும் கேட்ட துறை கிடைக்காமல் திகைக்கும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

ரேங்கைக் கணக்கிடுவது பள்ளி மாவட்டம், அதன் சொந்த எடைமுறையில். இங்கேதான் எடை பிள்ளைகளின் கல்வியையே வளைக்கத் தொடங்குகிறது. ஐந்து ஏ.பி.யில் ‘ஏ’, கூடவே ஆர்கெஸ்ட்ராவில் ‘ஏ’ வாங்கிய மாணவிக்கு 25 கூட்டல் 4, அதாவது 29. ஆறால் வகுத்தால் 4.83. ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு அந்த நேரத்தில் சும்மா இருந்தவருக்கு 5.0. வயலினில் ‘ஏ’ வாங்குவது தண்டனையாகிறது. இதைச் சரிசெய்ய, சில மாவட்டங்கள் முதன்மைப் பாடங்களை மட்டும் ரேங்குக்கு எடுக்கின்றன. சில, கலைப் பாடங்களை ரேங்க் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதிக்கின்றன. மாவட்டத்தின் ரேங்க் விதிப் புத்தகத்தை எட்டாம் வகுப்பு கோடையிலேயே படித்துவிட வேண்டும், ஏனென்றால் உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட்டோடு நடுநிலைப் பள்ளியில் எடுத்த பாடத்தை ரேங்கில் சேர்ப்பார்களா என்பதும் அதில்தான் இருக்கும். பள்ளியின் முதல் மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கட்டண விலக்கும் உண்டு. மூன்றாம் தசமத்துக்குக் குடும்பங்கள் மல்லுக்கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உதவித்தொகைக்கு இன்னொரு கணக்கு

ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகைக்குத் தேவை 3.0, அதைவிடப் பெரிய ஸெல் மில்லர் உதவித்தொகைக்கு 3.7 ஜி.பி.ஏ.வோடு தேர்வு மதிப்பெண்ணும். அந்த ஜி.பி.ஏ.வைப் பள்ளி போடுவதில்லை, மாநில அமைப்பே போடுகிறது. பள்ளி சேர்த்த எடையை முழுக்கக் கழற்றிவிட்டு, ஏ.பி., ஐ.பி., கல்லூரிப் பாடங்களில் வாங்கிய ‘பி’, ‘சி’, ‘டி’ கிரேடுகளுக்கு மட்டும் 0.5 கூட்டும். ‘ஏ’ 4.0-இலேயே நிற்கும். பள்ளிக் கணக்கில் 4.1 வைத்திருந்தும் ஹோப் கணக்கில் 3.6-க்குச் சரிந்து ஸெல் மில்லரைத் தவறவிடுவது இதனால்தான். ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகையில் ஓராண்டுப் பாடத்துக்கு 0.5 எடை, உயர்தர விருதுக்கு 3.5, அடுத்ததற்கு 3.0.

ஏ.பி.யில் ‘பி’யா, சாதாரண வகுப்பில் ‘ஏ’யா?

பள்ளிகளின் எடைமுறை இரண்டையும் 4.0 என்று சமமாக்கிவிடுகிறது. அதே கணக்கில் ஏ.பி.யில் வாங்கிய ‘சி’யும் சாதாரண வகுப்பின் ‘பி’யும் 3.0. கல்லூரிகள் இந்தச் சமன்பாட்டை அப்படியே ஏற்பதில்லை. போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் ஏ.பி.யில் ஓரிரண்டு ‘பி’யை எளிதில் கடந்துபோகும்; வரிசையாக ‘சி’ வந்தால், தகுதிக்கு மீறிய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்றே படிக்கும். எங்கள் பரிந்துரை: ‘பி’யாவது உறுதி என்று நம்பும் வகுப்பை எடுக்கலாம். ‘சி’ வரும் என்று பயந்தால், விருப்பமான துறையில் மட்டும் கடினமான வகுப்பை வைத்துக்கொண்டு மற்றதில் ஒரு படி இறங்கலாம்.

கடினமான வகுப்பில் உட்கார்ந்திருப்பதே திறமைக்குச் சான்றா என்ற கேள்வியைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர் தரவை வைத்தே ஆராய்ந்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகு, எத்தனை ஏ.பி., ஹானர்ஸ் வகுப்பு எடுத்தார் என்பதற்கும் கல்லூரியில் எப்படிப் படித்தார் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. ஏ.பி. தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணோ நல்ல முன்னறிகுறியாக இருந்தது. வகுப்பில் ‘ஏ’, மே மாதத் தேர்வில் 2 என்று வந்தால், அந்தப் பள்ளியின் ‘ஏ’ மலிவானது என்று விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் முடிவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

கிரேடுகள் மலிந்துவருவதும் உண்மை. தேசிய டிரான்ஸ்கிரிப்ட் ஆய்வின்படி உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரிகளின் சராசரி ஜி.பி.ஏ. 1990-இல் 2.68, 2009-இல் 3.00, 2019-இல் 3.11. அந்தக் கடைசிப் பத்து ஆண்டில் அவர்களின் கணிதத் தேர்ச்சி ஏறவில்லை, குறைந்தது.

விண்ணப்பம் நிரப்பும்போது நடக்கும் பிழைகள்

காமன் ஆப்பில் ஜி.பி.ஏ., அதன் அளவுகோல், வெயிட்டட்டா இல்லையா என்று மூன்றும் கேட்கப்படும். டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுத வேண்டும். இரண்டும் இருந்தால் பெரிய எண்ணை எழுதி, அளவுகோல் 4.0 என்று குறிப்பவர்கள் உண்டு; 4.4-ஐ 4.0-க்கு வாங்கியதாகத் தெரியும் அந்த வரி, கவுன்சிலரின் அறிக்கையோடு மோதும். வீட்டில் உட்கார்ந்து பிளஸ், மைனஸை நீக்கித் தானே போட்ட சராசரியை எழுதுவதும் அதே வகைப் பிழை.

கலிஃபோர்னியா விண்ணப்பத்தில் டிரான்ஸ்கிரிப்ட் அப்போது கேட்கப்படுவதில்லை. மாணவர் தட்டச்சு செய்யும் கிரேடுகளை வைத்தே முடிவு வரும். அனுமதிக்குப் பிறகு கோடையில் உண்மையான டிரான்ஸ்கிரிப்டோடு சரிபார்ப்பார்கள். நினைவிலிருந்து நிரப்பி ஒரு ‘பி’யை ‘ஏ’ என்று போட்டுவிட்டால் அனுமதியே ரத்தாகலாம். டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செமஸ்டர் வாரியாகப் பதியுங்கள். நிரப்பியதை வேறொருவர் வாசித்துச் சரிபார்க்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு கிரேடுகள் சராசரியில் சேராத இடங்களிலும் பார்க்கப்படுகின்றன. அரையாண்டு அறிக்கை ஜனவரி, பிப்ரவரியில் போகும். அனுமதி கிடைத்த பிறகு ஏ.பி. இயற்பியலை விட்டு விலகினால் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அனுமதியைக் கேள்வி கேட்டு ஜூலையில் கடிதம் வரும்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

நம் பள்ளிகள் ஜி.பி.ஏ. போடுவதில்லை, எடையும் இல்லை. காமன் ஆப்பில் அந்த இடத்தில் பள்ளி ஜி.பி.ஏ. தருவதில்லை என்று குறிப்பதே சரி. சதவீதத்தை 25-ஆல் வகுத்து 4.0-க்கு மாற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. 92 சதவீதம் அப்படி 3.68 ஆகிறது, அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் 90-க்கு மேல் ‘ஏ’, அதாவது 4.0. தன் கையாலேயே தன் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளும் வேலை இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றாமல், சான்றிதழில் உள்ளபடியே பதியச் சொல்கிறது. மாற்றுவது அவர்கள் பொறுப்பு.

நம் மாணவர்களுக்கு இழப்பு வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஒன்பதிலிருந்து நான்கு ஆண்டும் கேட்கும். பத்து, பன்னிரண்டு பொதுத்தேர்வுச் சான்றிதழோடு ஒன்பது, பதினொன்றுக்குப் பள்ளி முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலையும் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். இரண்டாவது, ஸ்கூல் ப்ரொஃபைல். கவுன்சிலர் இல்லாத பள்ளியில் அதைத் தலைமையாசிரியரோ முதல்வரோ தயாரிக்கலாம். எந்தப் பாடத்திட்டம், பாடப்பிரிவுகள் எவை, மொத்த மதிப்பெண் எவ்வளவு, சென்ற ஆண்டு எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், 90 சதவீதத்துக்கு மேல் எத்தனை பேர், 80-க்கு மேல் எத்தனை பேர் என்று ஒரே பக்கம் போதும். பள்ளியில் 140 பேர் எழுதி நான்கு பேர்தான் 90-ஐத் தாண்டினார்கள் என்று அந்தப் பக்கம் சொன்னால், 91 வாங்கிய மாணவி யார் என்பது அமெரிக்காவில் அதைப் படிப்பவருக்கு விளங்கிவிடும்.